எனக்கு வராத நோய்

கணக்கில் தப்பு செய்கிற பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும். தப்பு எங்கே விழுந்தது என்று பின்னாலேயே போய்ப் பிடித்துவிடலாம். கழித்தல் குறியை விட்டிருப்பாள், மேல் வரியில் ஏழு போட்டதைக் கீழ் வரியில் ஒன்று என்று படித்திருப்பாள். எதற்கும் ஒரு காரணம் இருக்கும். இத்தனை வருஷம் கணக்கு டீச்சராக இருந்ததில் மனுஷர்களும் அப்படித்தான் என்று ஒரு நினைப்பு எனக்குள் உட்கார்ந்துவிட்டது. எட்டாம் வகுப்பில் என்னிடம் வந்து சேர்ந்த ஒரு பெண் அந்த நினைப்பில் மண்ணை அள்ளிப் போட்டாள்.

அவள் பொய் சொல்லுவாள். பொய் சொல்லாத பிள்ளை எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். வீட்டுப்பாடம் எழுதாதவள் நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்பாள், தாமதமாக வந்தவள் பஸ் வரவில்லை என்பாள். அதெல்லாம் தப்பிக்கிற பொய். எனக்கு அவற்றின் மேல் கோபமே கிடையாது. ஸ்டாஃப் ரூமில் நாங்களும் அதே பொய்களைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இவளுடையது வேறு ரகம். வீட்டுப்பாடத்தை முத்து முத்தாக எழுதி வைத்துக்கொண்டு எழுதவில்லை என்பாள். இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து பூரி என்பாள். மழையில் நனைந்து வந்து நின்றுகொண்டு தெருக் குழாய் உடைந்து பீய்ச்சி அடித்துவிட்டது என்பாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்.

நான் ஸ்ரீரங்கத்திலிருந்து தினம் பஸ் பிடித்து வருகிறவள். எங்கள் பள்ளி நகருக்குள், ஒரு தேவாலயத்தை ஒட்டி இருக்கிறது; பெண்கள் பள்ளி. கோவில் யானை என் வீட்டுக்குப் பின்னால்தான் தூங்குகிறது என்றும், தினம் காலையில் நான் அதற்கு வாழைப்பழம் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன் என்றும் அவள் வகுப்பில் சொல்லி வைத்திருந்தாள். ஒருநாள் உள்ளே நுழைந்ததும் நாற்பது முகங்களும் என்னைப் பார்த்துக் கேட்டன.

"டீச்சர், உண்மையா?"

என் வீட்டுக்குப் பின்னால் இருப்பது பக்கத்து வீட்டுக்காரர்களின் வாஷிங் மெஷின். அதைச் சொன்னபோது வகுப்பே "ஓ" என்று வாடிப்போனது. என்னைத்தான் எல்லாரும் குறையாகப் பார்த்தார்கள். அவள் அழகாகக் கொடுத்த ஒன்றைத் தட்டிப் பறித்தவள் நான்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அவள் எதையாவது சொல்வாள், வகுப்பு என் பக்கம் திரும்பும், "டீச்சர், உண்மையா?" என்று கேட்கும், நான் "இல்ல" என்பேன். இந்த "இல்ல" சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

அவள் பொய் சொல்வதை நான் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் இருந்தது. அவளுக்கு முடி அப்படி ஒரு முடி. எங்கள் பள்ளியில் இரட்டைப் பின்னல் போட்டு மடித்து ரிப்பன் கட்ட வேண்டும். மற்ற பிள்ளைகளுக்கு அது காதோரம் நிற்கும். இவளுக்கு மடித்துக் கட்டியும் மார்பு வரை தொங்கும். பொய் சொல்லப் போகிறாள் என்றால் வலது கை தானாகப் போய் அந்தப் பக்கத்துப் பின்னலை முன்னால் இழுக்கும், பச்சை ரிப்பனின் நுனியை விரலில் சுற்றும். சுற்றி முடிப்பதற்குள் பொய் தயாராகிவிடும். அது அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் என்னிடம் இருந்த ஒரே ஆயுதமும் போய்விடும்.

என்னென்னவோ செய்து பார்த்தேன். கத்தினேன். கண்டுகொள்ளாமல் விட்டேன். முதல் பெஞ்சில் உட்கார வைத்தேன். ஆசிரியர் பயிற்சி ஒன்றில், நன்றாக இஸ்திரி போட்ட சட்டையோடு வந்த ஒரு தம்பி, "பொய்யன், பொய்க்காரி என்று குழந்தையைச் சொல்லாதீர்கள், பொய்க்குப் பின்னால் ஒரு தேவை இருக்கும், அந்தத் தேவையைக் கண்டுபிடியுங்கள்" என்றார். நானும் கண்டுபிடிக்கக் கிளம்பினேன். இட்லியைப் பூரி என்று சொல்வதில் என்ன தேவை இருக்க முடியும் என்று தலையைப் பிய்த்துக்கொண்டதுதான் மிச்சம். அன்பாகப் பேசிப் பார்த்தேன். மதியம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடச் சொன்னேன். சமர்த்தாகச் சாப்பிட்டாள். அடுத்த நாள், டீச்சர் வீட்டில் சமைப்பதே இல்லை, எல்லாம் ஹோட்டல் சாப்பாடு என்று பள்ளி முழுக்கச் செய்தி பரவியிருந்தது.

சிரித்துக்கொண்டு விட்டுவிடக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது, அரையாண்டுத் தேர்வு வரைக்கும்.

கணக்குப் பரீட்சைக்கு மணி அடிக்கப் போகிற நேரம். முதல் பெஞ்சில் தன்னோடு உட்காரும் பெண்ணிடம் இவள் போய், "உங்கம்மா காவேரிப் பாலத்துல வண்டியில இருந்து விழுந்துட்டாங்களாம்டி. ஆபீஸுக்குப் போன் வந்துச்சு" என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் பையைக் கூட எடுக்காமல் அலறிக்கொண்டு கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடிவிட்டது. வாட்ச்மேன் பின்னாலேயே ஓடிப் பிடித்ததால் பிழைத்தது. எதிரே பஸ் வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் அம்மா, விழாதவர், எழுந்து நின்று தலைமையாசிரியை அறையில் ஒரு மணி நேரம் கத்தினார். அவர் கத்தியதில் ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை.

இவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏன்டி அப்படிச் சொன்ன? அவ உன் ஃப்ரெண்டு தானே?"

கை பின்னலுக்குப் போகவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. "தெரியல டீச்சர்" என்றாள்.

அது உண்மை. எனக்கு அப்போதே தெரிந்தது. அவளுக்கே தெரியாத ஒன்றை நான் எந்த வரியில் தேடிப் பிடிப்பது?

எங்கள் தலைமையாசிரியை ஒரு கன்னியாஸ்திரி. குரலை உயர்த்த மாட்டார், அதனாலேயே அவரிடம் எல்லாருக்கும் பயம். "அவங்க அம்மாவை வரச் சொல்லுங்க, நீங்களும் இருங்க. பேசணும். வரலைன்னா வருஷக் கடைசியில டி.சி. கொடுத்து அனுப்பிடலாம். இன்னொரு பிள்ளை ரோட்டுல ஓடுறதுக்கு நான் பொறுப்பாக முடியாது" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மா வரவில்லை. அப்பாவுடைய நம்பருக்கு ஆபீஸிலிருந்து பேசினார்கள். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர், "வீட்டுல சொல்லி அனுப்பி வைக்கிறேங்க" என்று வைத்துவிட்டார். அப்புறம் அந்த நம்பர் எடுக்கப்படவே இல்லை. இவளைக் கேட்டால் அம்மாவுக்குக் காலில் சுளுக்கு. அடுத்த வாரம் அம்மா முக்கொம்புக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். முக்கொம்பில் பார்க்குக்குப் போவார்கள், மீன் வறுவல் சாப்பிடுவார்கள், கல்யாணத்துக்கு யார் போனார்கள்? ரிப்பன் நுனி விரலில் சுற்றிக்கொண்டே இருந்தது. தை போய் மாசி வந்துவிட்டது. சிஸ்டர் மறுபடியும் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கிளம்பினேன்.

அவர்கள் வீடு இருக்கிற காட்டூரில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு வாசல், ஒரு ஜன்னல். இவள் வாசல்படியில் உட்கார்ந்து தலையைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். அவிழ்த்துவிட்ட முடியை அன்றுதான் பார்த்தேன். முதுகை மூடி, படியில் வழிந்து, சிமெண்டுத் தரையில் கிடந்தது. கொஞ்ச நேரம் நான் வந்த கோபம் கூட மறந்து போயிற்று.

என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து கதவை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா இல்ல டீச்சர். ஊருக்குப் போயிருக்காங்க."

உள்ளே தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"மெஷினை யாரு ஓட்டுறா?" என்றேன்.

பதில் சொல்வதற்குள் மெஷின் நின்றது. கழுத்தில் இஞ்ச் டேப்போடு ஒரு பெண் வெளியே எட்டிப் பார்த்தார். ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்தில் ஒரே ஒரு தடவை பார்த்த முகம். வாயைத் திறந்து வணக்கம் சொல்லப் போனேன். அவர் கை தன் வாயைப் பொத்திக்கொண்டது. அடுத்த நொடி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். என்னை இல்லை, எனக்குப் பின்னால், வடக்கே, சமயபுரம் இருக்கிற திக்கைப் பார்த்து.

"ஆத்தா! மகமாயி! எழுந்து நடமாட வெச்சிட்டியே தாயே!"

எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். தெருவில் ஒரு தண்ணீர் லாரி மட்டும் நின்றது.

"யாருங்க நடமாடுறது?" என்றேன்.

"நீங்கதான் டீச்சர்! உள்ள வாங்க, முதல்ல உக்காருங்க. ஏன் இப்படி வெயில்ல வந்தீங்க, தையல் பிரிஞ்சிடாது?"

என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை வைத்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு என் நோய் தெரியவந்தது. வயிற்றில் கட்டி. மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரி. இரண்டு ஆபரேஷன். மூக்கில் ட்யூப். போன வாரம்தான் கஞ்சி குடிக்க ஆரம்பித்திருந்தேன். அம்மாவை ஸ்கூலுக்கு வரச் சொல்லிப் போன் வந்தபோது இந்தச் செய்தியைத்தான் மகள் வீட்டில் சொல்லியிருக்கிறாள். டீச்சரே ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், இப்போது போக வேண்டாம் என்று.

"சொல்லிட்டு ஒரே அழுகை டீச்சர். தேம்பித் தேம்பி அழுவுறா. சோறு இறங்கல. எனக்கு மனசு கேக்கல. அன்னைக்கே மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வெச்சேன்."

சாமி படத்துக்குக் கீழே ஒரு ஆணியில் அந்த முடிச்சு தொங்கியது. நான் அதைப் பார்த்தேன். என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அவரே சொன்னார்.

"டீச்சர் நல்லபடியா எழுந்து என் கண்ணு முன்னாடி நடமாடினா, எம்பொண்ணு முடியக் கொடுத்துடுறேன்னு வேண்டிக்கிட்டேன். மொட்டை போடுறேன்னு."

வாசலில் நின்றிருந்தவளைத் திரும்பிப் பார்த்தேன். ஈர முடியை இரண்டு கையாலும் முன்னால் அள்ளி அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா பள்ளிக்கு வராமல் இருப்பதற்காகச் சொன்ன ஒரு பொய், அம்மா வாயிலிருந்து வேண்டுதலாகத் திரும்பி வந்து அவள் தலையிலேயே விழுந்திருக்கிறது. நான் குணமானால் முடி போய்விடும். அதற்காகத்தான் இத்தனை நாளும் என்னைச் சாகவும் விடாமல் பிழைக்கவும் விடாமல் கட்டிலில் போட்டு வைத்திருந்தாள். இரண்டாவது ஆபரேஷன் பொங்கலுக்குப் பிறகு அதற்காகத்தான் வந்திருக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது என்ன, இப்போது சொல்ல வேண்டியது என்ன என்று எதுவும் ஓடவில்லை. ஆனாலும் கணக்கு டீச்சர் இல்லையா, உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்றுதான் அப்போதும் நம்பினேன்.

"இங்க பாருங்கம்மா. எனக்கு எந்த நோயும் வரல. கட்டி இல்ல, ஆபரேஷன் இல்ல. நான் ஒரு நாள் கூட லீவு போடல. உங்க பொண்ணு சொன்னது பொய்."

அந்த அம்மா என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். அப்படி ஒரு கனிவான புன்னகை.

"அப்படித்தான் சொல்லணும் டீச்சர். வந்துட்டுப் போனத வாயால திரும்பச் சொல்லக் கூடாது. ஆத்தா எடுத்துட்டா, எடுத்த இடமே தெரியாது."

"ஐயோ, வரவே இல்லைங்க!"

"ஆமா ஆமா, வரவே இல்ல."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வயிற்றைத் திறந்தா காட்ட முடியும்? அந்த நேரத்தில் வாசலிலிருந்து அவள் குரல் வந்தது.

"அம்மா, நான் பொய் சொன்னேம்மா. டீச்சருக்கு ஒண்ணுமே இல்ல. ஸ்கூலுக்கு நீ வரக் கூடாதுன்னு சொன்னேன்."

நான் அவள் கையைப் பார்த்தேன். ரிப்பன் இல்லை, சுற்றவும் இல்லை. என்னிடம் வந்து சேர்ந்த பிறகு அவள் வாயிலிருந்து இத்தனை நீளமாக ஒரு உண்மை வந்து நான் கேட்டதில்லை. ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகக் கூட இருந்தது.

அம்மா சிரித்தார். "பாத்தீங்களா டீச்சர்? முடி போயிடுமேன்னு எப்படிப் பேசுறா பாருங்க."

"இல்லைங்க, இப்ப அவ சொல்றதுதான் உண்மை."

"நீங்க பாவம் பாக்குறீங்க. உங்க மனசு அப்படி."

பூமுடி கொடுத்தால் போதாதா என்று கேட்டேன். முழு மொட்டை போடாமல் நுனியில் கொஞ்சம் கத்தரித்துக் கொடுப்பார்கள், பெண்களுக்கு அந்த வழக்கம் உண்டு. எனக்குச் சம்பந்தமே இல்லாத நோய்க்கு நான் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். மொட்டை என்று வாயால் சொல்லியாயிற்று, ஆத்தாவிடம் போய்க் குறைத்துக் கேட்பதா என்றார்.

"ஏங்க அவ முடிய வேண்டிக்கிட்டீங்க? வேற எதையாவது..."

"வேற என்ன இருக்கு டீச்சர் இந்த வீட்டுல அழகா?" என்றார். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, மகளுக்குக் கேட்காதபடி, என் முழங்கையைத் தொட்டுச் சொன்னார். "இவ பேசுறதெல்லாம் எப்படின்னு எனக்குத் தெரியாதா? அவங்க அப்பாரு இவகிட்ட மணி என்னன்னு கூடக் கேக்க மாட்டாரு. அன்னைக்கு ஒரு நாள்தான் அழுதா, நான் நம்பினேன். பெத்தவ ஒரு தடவை நம்பியிருக்கேன். அதையும் பொய்யின்னு சொல்லிட்டுப் போயிடாதீங்க டீச்சர்."

அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா, தெரியவில்லையா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. என் நெற்றியில் குங்குமம் வைத்து, மோர் கொடுத்து, காரம் சேர்க்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். டி.சி. பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது யாருக்கும் தெரியாமல் என் வயிற்றை நானே அழுத்திப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் சிஸ்டர் கேட்டார். "அம்மாவைப் பார்த்தேன் சிஸ்டர், பேசினேன்" என்றேன். அது பொய்யில்லை. "நல்லது, வருஷக் கடைசி வரைக்கும் பார்ப்போம். இனி ஒரு பொய்ப் பேச்சு காதுல விழக் கூடாது" என்றார்.

அந்த வாரம் இடைவேளையில் அவள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். பக்கத்தில் வந்து, மெல்லக் கேட்டாள்.

"டீச்சர், உங்களுக்குத் திரும்ப வந்துடுச்சுன்னு சொல்லட்டுமா?"

பொய் சொல்வதற்கு முன் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. பொட்டிலறைந்த மாதிரி இருந்தது. சரி, சொல்லிக்கொள் என்று சொல்ல வாய் வந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சொல்லிச் சொல்லி நிஜமாகவே வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். கணக்கில் எம்.எஸ்ஸி. படித்தவள் நான்.

"வேண்டாம்மா" என்றேன். "இனிமே பொய்யே வேண்டாம். உன்னைப் பத்தி ஒரு வார்த்தை வந்தாலும் சிஸ்டர் டி.சி. கொடுத்துடுவாங்க."

"உண்மைய சொன்னேன்ல டீச்சர், அன்னைக்கு?"

"சொன்ன."

"அம்மா நம்பலையே டீச்சர்."

அவள் குற்றம் சொல்லவில்லை. விடை வராத கணக்கை எடுத்துக்கொண்டு வந்து எங்கே தப்பு என்று கேட்கிற பிள்ளையின் குரல்தான் அது. வழி எல்லாம் சரியாக இருந்தது, விடை மட்டும் வரவில்லை. நான் அவள் நோட்டை வாங்கித் திருத்துவது போல எதையோ செய்து அனுப்பிவைத்தேன்.

சமயபுரத்தில் அம்மனுக்குப் பூச்சொரிதல் திருவிழா நடந்துகொண்டிருந்த சமயம். ஊரே மஞ்சள் சேலையில் சமயபுரம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர்களும் போயிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை முதல் பீரியட் எனக்கு. நான் உள்ளே போனபோது வகுப்பில் சத்தமே இல்லை. எட்டாம் வகுப்பில் சத்தம் இல்லையென்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். முதல் பெஞ்சில் சந்தனம் பூசிய ஒரு தலை இருந்தது. துணி கட்டவில்லை, தொப்பி போடவில்லை. காதுகள் இரண்டும் இவ்வளவு பெரியவையா என்று தோன்றியது. கழுத்து மெலிந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளை போல இருந்தாள். அழுகையை அடக்க நான் போர்டு பக்கம் திரும்பித் தேதி எழுதினேன். தப்பான தேதி எழுதினேன்.

முதுகுக்குப் பின்னால் கேள்வி ஆரம்பித்துவிட்டது. "ஏன்டி மொட்டை?"

நான் காத்திருந்தேன். பேன் என்பாளா, டைபாய்டு என்பாளா, சினிமாவில் நடிக்கப் போகிறேன் என்பாளா. எதைச் சொன்னாலும் இன்று நான் "இல்ல" சொல்வதாக இல்லை.

"வேண்டுதல்" என்றாள்.

"யாருக்கு?"

"டீச்சருக்கு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நாற்பது முகங்களும் என் பக்கம் திரும்பின.

"டீச்சர், உண்மையா?"

"உண்மைதான்" என்றேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. அந்தப் பதிலை என்னிடமிருந்து அவர்கள் கேட்டதே இல்லை. அவளும் கேட்டதில்லை, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், அன்று ரோட்டில் ஓடியவள், எழுந்து நின்றாள்.

"உங்களுக்கு என்ன டீச்சர் ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை என்றால், அடுத்த பீரியடுக்குள் அது சிஸ்டர் காதுக்குப் போகும்; டீச்சருக்கே நோய் என்று கதை கட்டினாளாம் என்று. மொட்டைத் தலையோடு, கையில் டி.சி.யோடு அவள் வீட்டுக்குப் போவாள். போன முடியை என்னால் கொண்டுவர முடியாது. அது ஒரு காரணத்துக்காகப் போனது என்றாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"வயித்துல ஒரு கட்டி இருந்துச்சும்மா. இப்ப சரியாயிடுச்சு."

தடுமாறாமல் வந்தது. யாரோ ஒருத்தி "ஐயோ டீச்சர்" என்றாள். பின்பெஞ்சில் ஒரு பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாரும் அந்தச் சந்தனத் தலையை இப்போது வேறு மாதிரி, மரியாதையாகப் பார்த்தார்கள். என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன் என்று எனக்கு ஒரு நிம்மதி கூட வந்தது.

அவள் எழுந்தாள். இரண்டு கையும் பக்கவாட்டில் தொங்கின.

"இல்ல டீச்சர்" என்றாள். பிறகு வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். "டீச்சருக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் எங்கம்மாகிட்ட பொய் சொன்னேன். அதனாலதான் மொட்டை."

பக்கத்துப் பெண்தான் முதலில் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"பொய் சொல்லாதடி. டீச்சரே சொல்றாங்கல்ல?"

"ஆமா, சும்மா இருடி" என்றது பின்னால் ஒரு குரல். "எப்பப் பாரு பொய்யி."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

"அவ சொல்றதுதான் உண்மை" என்றேன். "எனக்கு எதுவும் வரல. நான்தான் இப்ப பொய் சொன்னேன்."

வகுப்பு என்னைப் பார்த்துப் புன்னகை செய்தது. அதே கனிவான புன்னகை. அன்று காட்டூரில் பார்த்தேனே, அது.

"பாவம் பாக்குறீங்க டீச்சர்" என்றாள் பக்கத்துப் பெண். "நீங்க ரொம்ப நல்லவங்க."

அவள் உட்கார்ந்தாள். வலது கை தோளுக்கு மேலே போனது. அங்கே ஒன்றும் இல்லை. காதுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்துவிட்டு, கணக்கு நோட்டைத் திறந்து, போர்டில் நான் எழுதியிருந்த தப்பான தேதியை அப்படியே எழுதிக்கொண்டாள்.